அப்பாயி சிரித்த இடம்

கேள்வி: இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். லீவில் வீட்டில் பாலாவின் 'பரதேசி' படம் பார்த்தோம். என் அப்பாயியும் (அப்பாவின் அம்மா), யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தோழியும் கூட இருந்தார்கள். தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பேச்சை நம்பிச் சனம் மலைக்குப் புறப்படும்போது அப்பாயி சிரித்துவிட்டார். கடைசியில் நாயகனின் காதலி அவன் பிள்ளையோடு தோட்டத்துக்கே வந்து சேர, தோழி விம்மி அழுதாள். அப்பாயியோ, "புள்ளையோட வந்துட்டா, இனிப் பொழச்சுக்குவாங்க" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "இத்தனை பேர் இருந்தும் ஏன் ஒருத்தரும் எதிர்க்கேல்லை?" என்று தோழி கேட்டதில் கோபமும் வந்தது. எனக்கோ, கடல் எப்போது வரும் என்றே படம் முழுக்க எதிர்பார்ப்பு. வரவேயில்லை. இதை என் மாணவர்களுக்குக் காட்ட ஆசை. முதலில் வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் காட்ட வேண்டுமா?

பதில்: தங்கச்சி, அப்பாயி ஏன் சிரித்தார் என்று அவரிடமே கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேட்டிருந்தால், தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள் பிடித்த கதையைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மலையகத்தில் அந்தக் கதையைக் கேட்காத கிழவி கிடையாது. தன் பாட்டன் பூட்டன் ஏமாந்த அதே பொய்யைத் திரையில் இன்னொரு கூட்டம் விழுங்குவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்பில் எத்தனை தலைமுறைக் கசப்பு இருக்கிறது என்பது உங்கள் தோழிக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

கடல் வராததற்குக் காரணம் எளிது. அது இலங்கைக்கு வந்த நம் கதை அல்ல. தமிழ்நாட்டின் ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்தான் படத்துக்கு அடிப்படை. தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. அந்தச் சனம் தரைவழியே நடந்து போனது. நம்மவர்கள் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். படம் தொடங்கும் 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில்தான், கூலி வேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி, வரிசை வீடுகளான லயம், கொழுந்துக் கூடை எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் மனம் தானாகவே நம் வீட்டுக் கதையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. விஷயம் தெரிந்தவர்களுக்கு வரும் வியாதி இது. எனக்கும் உண்டு.

தோழியின் கேள்வி அப்படியொன்றும் மோசமானதல்ல. ஆளைக் கட்டிப்போட்டது சவுக்கை விடக் கடன் என்பது தெரியாவிட்டால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் துண்டு. ஆட்களின் கடன் இவ்வளவு என்று எழுதிய கடதாசி. அந்தத் தொகையைக் கட்டினால்தான் இன்னொரு தோட்டம் அவர்களை எடுக்க முடியும். 1921இல் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள், ஆனால் கடன் ஒழியவில்லை. படத்தில் வருஷக் கணக்கு முடிக்கும் காட்சி வரும்போது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எழுத்துத் தெரியாத என் அம்மா சம்பளத் துண்டில் வெட்டு விழுந்த வரிகளை விரலால் இரண்டு தரம் தொட்டுத் தொட்டு எண்ணுவார். அதைப் பார்க்காத ஒருவருக்கு அது கதையில் இன்னொரு கட்டம், அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அதே கேள்வி உங்களுக்குள்ளும் இருந்ததா? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தது உங்களுக்குத் தெரியும். அதே காலத்துப் படத்தில் சங்கமும் இல்லை, போராட்டமும் இல்லை என்பது உறுத்தியிருக்கும். தோழி வாய்விட்டுக் கேட்டாள், நீங்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு அவள் மேல் பாய்ந்தீர்கள்.

இப்போது அந்தக் கடைசிக் காட்சி. மலை என்பது ஒரு நரகம், இந்தப் பெண்ணும் பிள்ளையும் அதில் வந்து விழுந்துவிட்டார்களே என்று நாம் பதற வேண்டும். இயக்குநர் அதற்காகத்தான் அந்தக் காட்சியை வைத்திருக்கிறார், தோழியும் அப்படியே பதறினாள். ஆனால் அப்பாயிக்கு மலைதான் ஊர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், நம்மவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அதன்பிறகு கோச்சி ஏறிப் போனவர்களின் அழுகையைக் கேட்காத ஸ்டேஷன் இந்தப் பக்கத்தில் இல்லை. அண்ணன் இந்தியாவில் கோத்தகிரிக்கு, தங்கை இங்கேயே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! அந்தக் காலத்தைக் கண்ட ஒரு மனுஷிக்கு, புருஷன் பெண்சாதி பிள்ளை மூவரும் ஒரே லயத்தில் சேர்வது எப்படித் துக்கமாகும்? அவர் படத்தைத் தவறாகப் பார்த்துவிட்டார் என்று சொல்ல என்னால் முடியவில்லை. படம் நினைத்தே பார்க்காத ஒரு முடிவை அவர் பார்த்திருக்கிறார். இதில் நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். முழு வரலாற்றையும் முதலே சொன்னால் பிள்ளைகள் பரீட்சைக்குக் குறிப்பு எடுப்பதுபோலப் பார்ப்பார்கள். இது ஆனைமலைக் கதை, முன்பணம் வாங்கினால் ஆள் எப்படிச் சிக்குவான், இவ்வளவு சொன்னால் போதும். தப்பியோடியவனுக்கு என்ன செய்கிறார்கள் என்பதை மூச்சுவிடாதீர்கள். கொடுமைக் காட்சிகள் இருப்பதால் கீழ் வகுப்புகளுக்கு வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள்தானே, எல்லாம் தெரிந்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள். காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் பிரட்டுத் தப்பு என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள்.

ஒரு பாடவேளைக்குள் முடியாது, சனிக்கிழமை காலை வையுங்கள். தோழிக்கு அதற்கு முன் ஒரு கோல் எடுத்து, துண்டு பற்றிச் சொல்லுங்கள். அப்பாயியையும் கூட்டிப் போய் முன் வரிசையில் உட்காரவையுங்கள். சிரிக்கிற இடத்தில் சிரிக்கட்டும். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், "ஷ்" என்று அடக்காதீர்கள்.