ஹாப்ஸ் கிழங்கும் வாசல் தொட்டியும்

சிங்கப்பூரில், ஈசூனில் வாடகைக்கு வந்திருக்கும் தம்பி கேட்டிருந்தார்: "ஜெர்மனியில் இருக்கும் நண்பர், பீருக்குக் கசப்பு தரும் பூக்கொடியான ஹாப்ஸின் கிழங்கு தருகிறேன் என்கிறார். அடுக்குமாடி வாசலின் பொதுத் தாழ்வாரத்தில் தொட்டி வைத்து நட்டால் வருமா?"

முளைக்கும் தம்பி, ஆனால் பூப்பதை நம்ப முடியாது. குளிர் இல்லை என்பதைவிட இங்கே பகல் நீளவில்லை என்பதுதான் பெரிய தடை. ஜெர்மனியின் ஹல்லர்டாவ் வட்டாரத்தில் ஜூன் மாதம் பகல் சுமார் 16 மணி நேரம். அந்த வெளிச்சத்தில்தான் கொடி விறுவிறுவென ஏழு மீட்டர் வரை ஏறுகிறது. அப்புறம் பகல் குறையத் தொடங்கியதும் பூக்கிறது. நமக்கோ வருடம் முழுக்க 12 மணி நேரப் பகல்தான். கொடி வளர்வதற்கு முன்பே பூக்கும் காலம் வந்துவிட்டதென்று எடுத்துக்கொள்ளும். இடுப்பளவு உயரத்திலேயே நாலு பூ வைத்துவிட்டு நின்றுவிடும். பிரேசிலில் பயிரிடுகிறவர்கள் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே நாம் அதைச் செய்ய முடியாது.

கிழங்கைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரவும் வேண்டாம். நடுவதற்கான செடி, கிழங்குக்கெல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

கிழங்கு நட வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அதை விடாதீர்கள். மஞ்சள் நடுங்கள். தேக்கா சந்தையில் பச்சை மஞ்சள் கிடைக்கும். முளை தடித்திருக்கும் விரலியாகப் பார்த்து எடுத்து, முளை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள். ஓர் அடி ஆழத் தொட்டி, அரை நாள் வெயில் போதும். சித்திரையில் நட்டால் தைப் பொங்கலுக்குப் பானையில் கட்ட உங்கள் வீட்டுக் கொத்தே இருக்கும். வந்த புதிதில் ஊர் நினைப்பு வாட்டும் நாளில் அந்த இலையைக் கசக்கி முகர்ந்திருக்கிறேன். பொங்கல் காலையே வந்து நிற்கும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் நான் வைத்திருந்த தட்டில் தண்ணீர் தேங்கி, கொசுப்புழு இருந்ததைச் சோதனைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். தவறு என்னுடையது, அபராதம் கட்டினேன். பணத்தைவிட, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்ததுதான் மனதை உறுத்தியது. டெங்கி இங்கே சாதாரண விஷயம் இல்லை. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கள் மாடியில் இருக்கும் மலாய் அம்மா என்னிடம் முதன்முதலில் பேசியதே ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி சமைக்க இரண்டு மஞ்சள் இலை கேட்டுத்தான். அன்று மாலையே ஒரு கிண்ணம் ரெண்டாங் எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் தொட்டியில் முளைவிட்ட விரலி நாலைந்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் வந்தால் சொல்லுங்கள், எடுத்து வருகிறேன்.