முதலில் கரண்டைப் பாருங்கள், அப்புறம் கிட்டைத் திட்டுங்கள்

இம்மாதக் கடிதங்களில் பாதி, சிறு கணினிப் பலகையான ராஸ்பெரி பையும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளும் போடும் சண்டை. பிழைச் செய்தியை எழுதியவர்களுக்கு முதலில் பதில்.

கேள்வி: பை ஜீரோ 2 டபிள்யூவில் ஒரு நிரல் தொகுப்பை முழுதாக இறக்கக் குளோன் செய்கிறேன். ‘ரிசீவிங்’ முழுவதும் முடிகிறது. ‘ரிசால்விங் டெல்டாஸ்’ பாதியில் ‘கில்டு’ என்று நின்றுவிடுகிறது. எங்கள் பக்கம் லைன் மோசம், அதனாலா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பாடாங் செராய்)

பதில்: லைன் தன் வேலையை முடித்துவிட்டது, ஆசிரியரே. சாவது நினைவகம் போதாமல். இருப்பது அரை ஜிபி. டெல்டாவை, அதாவது சுருக்கி வந்த வித்தியாசங்களை, அவிழ்க்கும்போது ஒவ்வொரு த்ரெட்டும் (இணையாக ஓடும் வேலை) தனியாக இடம் பிடிக்கும். மூச்சு முட்டினால், பையை இயக்கும் லினக்ஸ் பெருந்தீனிக்காரனைத்தான் முதலில் கொல்லும். பழைய வரலாறு தேவையில்லை என்றால் டெப்த் 1 போட்டுக் குளோன் செய்யுங்கள். தேவை என்றால் பேக் த்ரெட்ஸ் என்ற அமைப்பை 1 ஆக்கி, ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது கார்டில் கடன் வாங்கும் இடம்) ஒரு ஜிபிவரை ஏற்றுங்கள். முடிந்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள், ஸ்வாப் எஸ்டி கார்டைத் தின்னும். நான் இந்தப் பாடெல்லாம் படுவதில்லை. மடிக்கணினியில் குளோன் செய்து, கோப்புறையை அப்படியே பைக்கு அனுப்பிவிடுவேன்.

கேள்வி: ‘இண்டெக்ஸ்.லாக்’ இருக்கிறது, வேறொரு கிட் ஓடுகிறது என்கிறது. நான் எதையும் ஓட்டவில்லையே? (கூலிம்)

பதில்: வேறு கிட் ஓடவில்லை என்று, ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஒரு கோப்பை மட்டும் அழியுங்கள். பார்க்காமல் அழிக்காதீர்கள். நேற்றுக் கரண்டு போனதா? அதுதான், பாதியில் நின்ற கிட் விட்டுச்சென்ற பூட்டு அது.

கேள்வி: சார், கிட் வேலை செய்யவில்லை. அவசரம். (ஊர் பெயரில்லை)

பதில்: என்ன பலகை? என்ன கட்டளை? திரையில் என்ன வந்தது? டாக்டரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா?

கேள்வி: தோட்டத்து நாற்றுப்பண்ணையில் தண்ணீர் விடும் பை 4 என்னுடையது. போன வாரம் இடிமழையில் கரண்டு போய் வந்தது. இப்போது ‘ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி’ என்கிறது. கிட்டை நம்பவே கூடாதா, அங்கிள்? (சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை எழுதியது லினக்ஸின் மையமான கெர்னலுக்காக, இரவுச் சந்தைக் கார்டுக்காக இல்லை. கமிட் செய்த (கிட்டில் பதிந்த) கோப்பு கார்டில் இறங்குவதற்குள் கரண்டு போனால், பெயர் மட்டும் இருக்கும், உள்ளே பூஜ்யம் பைட். உங்களுக்கு நடந்தது அதுதான்.

எதையும் தொடுமுன் முழுக் கோப்புறையையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எல்லாவற்றையும் ஏற்கெனவே புஷ் செய்து சர்வருக்கு அனுப்பியிருந்தால் மண்டையை உடைக்க வேண்டாம்: புதிதாகக் குளோன் செய்து, மாற்றிய கோப்புகளை மட்டும் அதன்மேல் போடுங்கள். புஷ் செய்யாதவர் என்றால், கிட் தன் பதிவுகளை வைக்கும் ஆப்ஜெக்ட்ஸ் கோப்புறையில் காலியாகக் கிடப்பவற்றை நீக்கி, ஃபெட்ச் செய்து (சர்வரில் இருப்பதை இறக்கி), கிட்டின் எஃப்எஸ்சிகே சோதனையை ஓட்டிப் பாருங்கள். வேறெங்கும் நகல் இல்லாத கமிட் போனது போனதுதான்.

இனி நடக்காமல் இருக்க, 2022-இல் வந்த கிட் 2.36 முதல் ‘கோர்.எஃப்சிங்க்’ என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பாக அது தனி ஆப்ஜெக்ட்களை உடனே கார்டில் இறக்காது. அதை ‘ஆல்’ ஆக்குங்கள். கமிட் கொஞ்சம் மெதுவாகும், ஆகட்டும்.

ஆனால் பாதிக் குற்றம் சார்ஜரிலும் கார்டிலும் இருக்கும். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்ப் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரைச் செருகிவிட்டு எனக்குக் கடிதம் போடுகிறார்கள்! மின்னழுத்தம் 4.6 வோல்ட்டுக்கு இறங்கினாலே பலகை தடுமாறும். பலகை தடுமாறியதா என்று காட்டும் ‘விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்டு’ கட்டளையை அடித்துப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் நிம்மதி. வேறு எது வந்தாலும் முதல் சந்தேகம் சார்ஜர்மேல் இருக்கட்டும். கார்டு விஷயத்தில் நானும் ஏமாந்தவன். சந்தையில் 64 ஜிபி என்று வாங்கியது உண்மையில் 8 ஜிபி. எட்டைத் தாண்டியதும் எழுதியதெல்லாம் காற்றில் போனது. இரண்டு மாத வேலை. இப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் எஃப்3 நிரலால் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்காமல் பலகையில் போடுவதில்லை. இடி கேட்டால் ஷட் டவுன் செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். செம்பனைக் கன்று ஒரு சாயங்காலம் தண்ணீர் இல்லாமல் தாங்கும், அதுவும் மழை நாளில்.

கேள்வி: புதிய மாற்றங்களை இறக்க ‘புல்’ செய்தால், தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடி ஆகவில்லை என்கிறது. சர்வர் கோளாறா? (படிவம் நான்கு மாணவி, பாகான் டத்தோ)

பதில்: ‘டேட்’ அடித்துப் பாரம்மா. பை 4 வரை பலகையில் கடிகாரமே கிடையாது. பை 5-இல் உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். இணையத்தில் நேரம் எடுக்கும்வரை பை பழைய தேதியிலேயே வாழும். பள்ளி வைஃபை, நேரம் தரும் என்டிபி சேவையைத் தடுத்தால் தேதியைக் கையால் போட்டுக்கொள். சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதே.

கேள்வி: கிட் நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப் என் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது. நூறு தடவை சரிபார்த்துவிட்டேன்.

பதில்: கட்டளை வரியில் கடவுச்சொல் 2021 ஆகஸ்டிலேயே செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது வேண்டியது டோக்கன் (தளம் உருவாக்கித் தரும் ரகசியக் குறியீடு) அல்லது எஸ்எஸ்எச் சாவி. மீதித் தொண்ணூற்றொன்பது தடவை திரையைப் படித்திருந்தால் அங்கேயே எழுதியிருக்கும்.

கேள்வி: கோயில் விளக்குப் பலகைக்கு ஒரு நிரல் வைத்திருக்கிறேன். ‘டூபியஸ் ஓனர்ஷிப்’ (சந்தேகத்துக்குரிய உரிமை) என்று எச்சரிக்கிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? (கோயில் செயலவை, கோலா கெட்டில்)

பதில்: புகுந்தவர் நீங்கள்தான். குளோனைச் சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டுச் செய்திருப்பீர்கள், கோப்புறை நிர்வாகியான ரூட் பெயரில் இருக்கிறது. சிஎச்ஓன் செய்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கிட்டுக்கு முன்னால் சூடோ போடுவதை இத்தோடு விடுங்கள்.