கணினி கேள்வி–பதில்: நெட் போன பிறகு கிட் தேடினால்?

(கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறோம், கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.)

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்தில் 20 உபுண்டு கணினிகள். ஒன்றில் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பைத் திருத்தியதும் இணைப்பு போய்விட்டது. பழைய கோப்பு கையில் இல்லை. கோப்பின் மாற்றங்களைப் பதிந்து காக்கும் கிட் கருவியை நிறுவவும் நெட் வேண்டுமே! இந்தக் கருவிகள் இயங்குதளத்தோடே வரக்கூடாதா?
— வாசகர், குலசேகரம்

பதில்: வர வேண்டும் என்றே நாங்களும் சொல்வோம். இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. ரப்பர் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் நெட் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. பழுது வந்த பிறகு தேவைப்படும் கருவி, பழுதுக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு கிட் கூட வேண்டாம், ஆர்சிஎஸ் போதும். 1980களில் வந்த சிறிய கருவி. ஒற்றைக் கோப்பின் வரலாற்றைக் காக்க அருமையானது. நெட்பிளான் அடைவுக்குள் ஆர்சிஎஸ் என்று பெரிய எழுத்தில் ஓர் அடைவு உருவாக்குங்கள். பிறகு 'சூடோ சிஐ -எல்' என்று தட்டி (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்குவது), கோப்பின் பெயரைக் கொடுங்கள். முதல்முறை விளக்கம் கேட்கும். எழுதிவிட்டு, தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இதையே செய்து, காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

அந்த '-எல்' மிக முக்கியம். அதை விட்டு வெறும் 'சிஐ' கொடுத்தால், பதிவு செய்த கையோடு மூலக் கோப்பை அடைவிலிருந்து நீக்கிவிடும். பயந்துவிடாதீர்கள், 'சூடோ சிஓ -எல்' கொடுத்தால் திரும்ப வரும்.

பழைய வடிவம் வேண்டுமென்றால் 'சூடோ சிஓ -பி1.1' கொடுத்து (1.1 என்பது முதல் பதிவு), வெளியீட்டை டெம்ப் அடைவில் சேமியுங்கள். படித்துப் பார்த்து, சரியென்றால் 'சூடோ சிபி' மூலம் பழைய இடத்தில் போடுங்கள். 'சூடோ' போட்டு நேராக '>' குறியால் மூலக் கோப்பில் எழுதப் பார்த்தால் அனுமதி மறுக்கப்படும்; அந்தக் குறியைக் கையாள்வது சூடோ அல்ல, நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்.

நகல் எடுத்து அதே அடைவில் வைக்கும் பழக்கம் இருந்தால் கவனம்: யாமல் என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் நெட்பிளான் சேர்த்துப் படிக்கும். பழைய அமைப்பும் புதியதும் கலந்துவிடும். இன்னொன்று, மாற்றத்தை உடனே அமலாக்கும் 'நெட்பிளான் அப்ளை'க்குப் பதில் 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தானே பழைய அமைப்புக்குத் திரும்பும்.

மீதிக் கணினிகளுக்கு ஒவ்வொன்றாக நெட் தேட வேண்டியதில்லை. புதிதாக உபுண்டு போட்ட ஒன்றில் 'சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி கிட் ஆர்சிஎஸ்' கொடுத்தால், டெப் என்ற நிறுவல் கோப்புகள் வார், கேச், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்ற வரிசையிலுள்ள அடைவில் சேரும். அவற்றைப் பென்டிரைவில் எடுத்து, மற்றவற்றில் 'சூடோ டிபிகேஜி -ஐ' மூலம் நிறுவுங்கள். உபுண்டு பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பல மென்பொருள் ஏறிய கணினியில் இறக்கினால், அதில் ஏற்கெனவே உள்ள சார்புப் பொதிகள் (கருவி இயங்கத் தேவையான துணை மென்பொருள்கள்) இறங்காது. அடுத்த கணினியில் நிறுவல் பாதியில் நிற்கும்.

கேள்வி: பிறகு ஏன் பல இயங்குதளங்கள் இவற்றைச் சேர்ப்பதில்லை?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உள்ளே வைத்த ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிப்பின் ஆயுள் முழுக்கப் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். உரிமமும் ஒரு காரணம். யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி, ஆர்சிஎஸ் போன்ற இன்னொரு கருவியான சிவிஎஸ்ஸை 10.0 பதிப்பிலும் ஆர்சிஎஸ்ஸை 12.0 பதிப்பிலும் அடிப்படைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. அதன் மூலநிரல் 2020 டிசம்பரில் கிட்டுக்கு மாறியும், ஜிபிஎல் (மாற்றி வெளியிட்டால் மூலநிரலையும் தரச் சொல்லும்) உரிமமுள்ள கிட் அடிப்படையில் இல்லை. தனியே நிறுவ வேண்டும். அதே வகையைச் சேர்ந்த ஓபன்பிஎஸ்டியோ சிவிஎஸ்ஸையும் ஆர்சிஎஸ்ஸையும் உள்ளேயே வைத்திருக்கிறது. தன் மூலநிரலைத் தானே எடுத்துக்கொள்ளத் தெரிந்த அமைப்பு அது. எங்களுக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது.