சுவருக்கு ஏறும் தோல்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் பன்ன வேலையும் தையலும் செய்யும் பெண்கள் சிலர். பனையோலைப் பெட்டி, துணிப்பை, யன்னல் திரை என்று செய்து கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிறோம். எங்களிடம் பொருள் வாங்கும் ஒருவர், ஒரு விடுதியின் வரவேற்பறைச் சுவருக்கும் கட்டில்களின் தலைமாட்டுக்கும் அலங்காரத் தோல் பதிக்கப் போவதாகவும், கைப்பைகளுக்கும் அதே வேலைப்பாடு வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, “உங்கள் பக்கம் ஆடுமாடு நிறைய நிற்கிறதுதானே, நீங்களே செய்யலாமே” என்று கேட்டார். இறைச்சிக் கடைகளில் தோலுக்கு விலையே இல்லை என்பது உண்மைதான். ஆவரசம் பட்டை போட்டு நாங்களே பதனிடலாமா? இந்த ஆடம்பரத் தோலை எப்படிச் செய்கிறார்கள்? எங்களைப் போன்றவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். “தோல் வேலை எங்களுக்கு வேண்டாம்” என்று அம்மா சொல்கிறார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது உங்களுக்கு விளங்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

முதற் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: பதனிடும் வேலையை நீங்கள் தொடங்க வேண்டாம். ஆவரசம் பட்டையால் முடியாது என்பதல்ல காரணம். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கே ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர் வாங்கிய சரக்கு, இந்த ஆவரசம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறி வந்ததுதான். ஆனால் பட்டையில் பதனிட்டாலும் குறோமிய உப்பில் பதனிட்டாலும், பச்சைத் தோல் ஒரு கிலோவுக்கு 30 முதல் 40 லீற்றர் வரை நீர் செலவாகும். தோல் அழுகாமலிருக்கப் போட்ட கறியுப்பு முழுவதும் அந்த நீரோடு கழன்று நிலத்துக்குள் இறங்கும். இறங்கிய உப்பைச் சாதாரண வடிகட்டலால் பிரிக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளால் பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த கேடு, 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் அளவுக்குப் போனது. கிணற்று நீரை நம்பிக் கச்சானும் மிளகாயும் செய்கிற ஊரில், சில பைகளுக்காக அந்தக் கேட்டை விலைக்கு வாங்கக் கூடாது.

அடுத்தது, எங்கள் மாட்டுத் தோல். ஆடம்பரத் தோலின் விலையில் பெரும்பங்கு, பட்டறைக்கு வருவதற்கு முன்பே, விலங்கு உயிரோடு நின்ற காலத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஐரோப்பாவின் பெரிய கைப்பை நிறுவனங்கள் தேடி வாங்குவது, கொட்டிலில் வளர்ந்த, முள்ளோ உண்ணியோ கீறாத கன்றுத் தோலை. அதன் மேற்பரப்பை அவர்கள் உரசுவதில்லை, மயிர்க்கண்கள் தெரிய அப்படியே விடுகிறார்கள். வன்னி மாடோ காட்டில் மேய்ந்து, சூரை முள்ளில் உரசி, குளக்கரைச் சேற்றில் புரண்டு வருவது. போதாததற்கு, களவு போகாமலிருக்க உடம்பில் குறியும் சுட்டுவிடுகிறோம். சுட்ட குறி எந்தப் பதனிடலிலும் மறையாது. இப்படியான தோலைத் தொழிற்சாலைக்காரர் என்ன செய்வார்களென்றால், மேற்பரப்பை உரசி எடுத்துவிட்டு, நிறப்பூச்சை ஏற்றி, சூடாக்கிய உலோகத் தகட்டால் அழுத்தி முதலைச் செதில் போலவோ பூக்கொடி போலவோ ஒரு கோலத்தைப் பதித்துவிடுவார்கள். விடுதிக் கதிரைகளில் நாங்கள் காணும் ‘முதலைத் தோல்’ பெரும்பாலும் இப்படிப்பட்ட மாட்டுத் தோல்தான். இதில் ஏமாற்று இருக்கிறதென்று நான் சொல்ல மாட்டேன். பிறகு அதைக் கைவேலை என்று விலை சொன்னால்தான் ஏமாற்று.

சுவருக்குத் தோல் பதிக்கும் வழக்கம் புதிதல்ல. மூர்கள் எனப்பட்ட அரபு, வட ஆபிரிக்க முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்தே ஸ்பெயினின் கோர்டோபா நகரம் அலங்காரத் தோலுக்குப் பேர் பெற்றிருந்தது. பின்னர் அந்தத் தொழில் இன்றைய பெல்ஜியத்துக்கும் ஒல்லாந்துக்கும் பரவியது. ‘பொன்தோல்’ என்று அதைச் சொன்னாலும் அதில் பொன் ஒரு துளியும் இருப்பதில்லை. பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, தோற் சீவலைக் காய்ச்சி எடுத்த பசையைத் தடவி, அதன்மேல் வெள்ளித் தாளை ஒட்டுவார்கள். வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, முட்டை வெள்ளைக்கரு பூசி, ஆளி விதை எண்ணெயையும் பிசினையும் காய்ச்சிய மஞ்சள் மெருகை விரல்களால் பரப்பி வெயிலில் காய விடுவார்கள். மெருகின் ஊடாகப் பார்க்கும் கண்ணுக்கு வெள்ளி பொன்னாகிவிடும். அதே மெருகு வெள்ளி கறுக்காமலும் காக்கும். அதன் பிறகுதான் இரும்பு அச்சால் புள்ளி குத்துவதும் வண்ணம் தீட்டுவதும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் மர அச்சில் வைத்து அழுத்திப் பழங்களையும் பூங்கொத்துகளையும் புடைப்பாக எழுப்பினார்கள். துணித் திரையைப் போல உணவின் மணத்தைப் பிடித்து வைக்காது என்பதால் சாப்பாட்டறைச் சுவர்களுக்கு இந்தத் தோலை விரும்பினார்கள். மலிவான சுவர்த்தாள் வந்த பின் அந்தத் தொழில் மங்கிப் போனது. அன்ட்வேர்ப்பில் இன்று அரும்பொருளகமாக இருக்கும் பிளாந்தின் மொரேத்துஸ் அச்சகத்தில் அத்தகைய அறையொன்றை இன்றும் பார்க்கலாம்.

இதில் உங்களுக்குப் பயன்படும் தொழில்நுட்பச் செய்தி ஒன்று உண்டு. பட்டையில் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கையில் குத்தினால் அந்தக் குத்தை வைத்துக்கொள்ளும். குறோமியத்தில் பதனிட்டது மீண்டு எழுந்துவிடும். ஆகவே கையால் கோலம் பதிக்க விரும்பினால், கொழும்பில் தோல் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது நிறத்தையோ தடிப்பையோ அல்ல, எதில் பதனிட்டது என்பதை. வெட்டுமுகம் நீலம் பாய்ந்தாற்போல் இருந்தால் அது குறோமியத் தோல். அதைப் புடைப்பு வேலைக்கு வாங்காதீர்கள். பைக்கு நாடா வெட்டிப் பின்ன வாங்கலாம். பின்னுவதில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1966இல் இத்தாலியின் விசென்சாவில் தொடங்கிய பொத்தேகா வெனெத்தா நிறுவனத்தின் பேர்போன கைப்பை, மெல்லிய தோலை நாடாவாக்கிக் குறுக்கும் நெடுக்கும் பின்னியதுதான். தனியே நின்றால் நைந்துபோகும் தோல் பின்னலில் பலம் பெறுகிறது. பனஞ்சார்வோலையை ஒரே அகலத்தில் வார்ந்து பழகிய கைக்கு, சீரான நாடா வெட்டுவது பெரிய வித்தையாக இராது.

ஆனால் சுவருக்கு நான் சொல்ல நினைப்பது வேறு பொருள். அது பதனிடாத தோல்.

1920களில் ஜான் மிஷேல் பிராங்க் என்ற பிரெஞ்சு உள்ளக அலங்காரக் கலைஞர், பாரிஸில் நோவாய் பிரபு தம்பதியரின் வரவேற்பறைச் சுவர் முழுவதையும் பதனிடாத விலங்குத் தோலால், சதுரம் சதுரமாக ஒட்டி மூடினார். வண்ணமும் இல்லை, பொன்னும் இல்லை, புடைப்பும் இல்லை. ஒவ்வொரு சதுரமும் பக்கத்துச் சதுரத்தை விட ஒரு சாயல் கூடியோ குறைந்தோ நிற்கும் வெளிர்மஞ்சள் மட்டுந்தான். (பிளந்த வைக்கோலைத் தட்டையாக்கி அலுமாரிகளில் ஒட்டியவரும் அவர்தான். ஓலையை நம்பிப் பிழைக்கும் நீங்கள் இதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.) அந்தத் தோல், முன்னாளில் ஐரோப்பாவில் ஏடெழுதப் பயன்பட்ட தோல். சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து, மயிர் களைந்து, மரச் சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, இழுவிசையிலேயே காய விட்டு, காயக் காயச் சுரண்டி எடுப்பது. பட்டை இல்லை, குறோமியம் இல்லை. அந்தச் சுண்ணாம்பு நீரையும் வாய்க்காலில் ஊற்றக் கூடாதுதான், ஆனால் அது சிறிய அளவில் ஒரு தொட்டிக்குள் அடங்குகிற காரியம்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். பறைக்குத் தோல் கட்டுகிறவர் செய்வதும் இதைத்தான். முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். ஊறிய தோலை விரித்து, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல் வழித்துக்கொண்டு போனார். இடையிடையே தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, இருளாகத் தெரிந்த இடத்தில் இன்னும் இரண்டு இழுப்பு, முதுகெலும்பு ஓடிய கோட்டில் கூடுதல் கவனம், வயிற்றுப் பக்கத்தில் கத்தியின் பாரம் மட்டும். தடிப்பை அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. விரல் நகத்தால் சுண்டி, எழும் ஓசையைக் கேட்டே தடிப்பைச் சொன்னார். அந்தச் சீர்மைதான் பாரிஸ் சுவரிலும் விலை போனது. நீங்கள் தேடும் தொழிலறிவின் கடினமான பாதி உங்கள் ஊருக்கு மிகக் கிட்டவே இருக்கிறது.

இந்தத் தோலுக்கு ஒரு குணம் உண்டு, அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதனிடாத தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாரி காலத்தில் தளரும், வெயிலில் இறுகும். பறையை அடிக்குமுன் வெயிலிலோ அனலிலோ காட்டுவது அதற்காகத்தான். பெரிய தோலை முழுசாகச் சுவரில் இழுத்து ஒட்டினால் ஐப்பசியில் அலையலையாக எழும்பிவிடும். ஆகவே ஓர் அடிக்கு மேற்படாத சதுரங்களாக வெட்டி, ஈரத்தோடு மாப்பசை தடவி, பலகையில் ஒட்டி, பாரம் வைத்துக் காய விட்டு, மேலே அரக்கு மெருகு பூச வேண்டும். சின்னச் சதுரத்தில் இன்னொரு வசதியும் உண்டு: சுட்ட குறியையும் முட்கீறலையும் விலக்கி வெட்டலாம், அல்லது மெல்லிய கீறலை அப்படியே விட்டு, அதுதான் அழகு என்று சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். தொடக்கத்துக்கு ஆட்டுத் தோலே போதும். ஒன்று நான்கு முதல் ஆறு சதுர அடி வரை தரும், இரண்டு பெண்களால் கையாள முடியும்.

முல்லைத்தீவுக் கரையில் ஏறும் திருக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். சில இனங்களின் முதுகுத் தோலில் இருக்கும் சுண்ணக மணிகளை அரைத்துத் தட்டையாக்கிச் சாயம் ஏற்றினால், வட்டம் வட்டமாக மின்னும் விலையுயர்ந்த பொருள் கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கலுஷா என்ற கைவினைஞர் அதைப் பிரபலமாக்கினார், 1925இல் ஆந்த்ரே குரூல் அதால் ஓர் இழுப்பறை அலுமாரியையே மூடினார். அரைப்பதற்கு இயந்திரமும், பறக்கும் தூளுக்கு முகக்கவசமும் வேண்டும். அத்தோடு திருக்கையில் பல இனங்கள் அருகி வருகின்றன, சிலவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. இப்போதைக்கு அது குழம்புச் சட்டியோடு நிற்கட்டும்.

இனி அம்மாவின் பேச்சு. கோவில் பொங்கலிலும் சாவீட்டிலும் பறை முழங்க வேண்டும், ஆனால் அதற்குத் தோல் கட்டியவர் படலைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று வைத்திருந்த ஊர்களில் பிறந்தவர்கள் நாங்கள். அம்மா பயப்படுவது நாற்றத்துக்கோ நோய்க்கோ அல்ல, ஊரார் வாய்க்கு. அவரோடு வாதாடி வெல்லச் சொல்ல மாட்டேன். வேலை நடந்து, வீட்டுக்குக் காசு வரத் தொடங்கினால் ஊர் வாய் தன்பாட்டில் சுருங்கும் என்பதைத் தும்புத் தொழிலிலும் கருவாட்டிலும் பார்த்திருக்கிறோம். எனக்கு இருக்கும் பயம் வேறு. தோல் வேலை கொழும்பு விடுதிச் சுவருக்கு ஏறிக் கௌரவமானவுடன், அந்த வேலையை அறிந்த குடும்பங்கள் பின்புறத்தில் சுரண்டிக் கொடுக்க, முன்புறத்தில் மற்றவர்கள் ‘கைவினைக் கலைஞர்’ ஆகிவிடுவது மிக எளிது. அப்படி நடக்குமென்றால் உங்கள் அம்மா சொல்வதையே கேட்டு விட்டுவிடுங்கள். அந்தப் பெரியவரைப் போன்றவர்களைக் கூலிக்கு அழைக்காமல், உங்கள் சங்கத்தின் அங்கத்தவராக, கற்பிப்பவராக, கணக்குப் புத்தகத்தில் பங்குள்ளவராகச் சேர்க்க முடியுமா என்பதை முதலில் கூடிப் பேசுங்கள்.

கொழும்புக்காரருக்கு இப்போதே சம்மதம் சொல்ல வேண்டாம். நான்கு சதுரங்கள் ஒட்டிய மாதிரிப் பலகை இரண்டு செய்து, ஒன்றை வீட்டுத் திண்ணையில் கார்த்திகை, மார்கழி மழை முழுவதும் தொங்க விடுங்கள். மற்றதைக் குளிரூட்டிய அறையில் வைத்துப் பார்க்கச் சொல்லி அவரிடம் அனுப்புங்கள். தைப்பொங்கல் கழிந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரம் எழும்பியிருக்கிறதா, மெருகு வெடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசலாம். விலையைச் சதுர அடிக் கணக்கில் ஒரே தொகையாகச் சொல்லாமல், தோல் சுரண்டிய கூலி, ஒட்டிய கூலி, மெருகுக் கூலி என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். அவர் பேரம் பேசத் தொடங்கினால் முதல் வரியில் கைவைக்க விடாதீர்கள்.