குத்தகை நிலத்து மின்கம்பியில் யானை இறந்தால் நில உரிமையாளர் பொறுப்பாவாரா?

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். தேன்கனிக்கோட்டை அருகே காப்புக்காட்டை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் நான்கு ஆண்டுகளாக வாய்மொழிக் குத்தகையில் அதில் பயிர் செய்கிறார். கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு என் பெயரில் உள்ளது. சென்ற வாரம் ராகிப் பயிருக்குள் வந்த ஆண் யானை, வரப்பில் கட்டியிருந்த கம்பியில் மின்சாரம் தாக்கி இறந்தது. பன்றிக்காகத்தான் கட்டினேன் என்று சொல்லும் குத்தகைதாரர் கைதாகிவிட்டார். "கரண்ட் கம்பி கட்டப் போகிறேன்" என்று இரண்டு மாதத்துக்கு முன் அவர் போனில் சொன்னபோது நான் பதில் எதுவும் சொல்லவில்லை. இப்போது விசாரணைக்கு வரும்படி வனச்சரக அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உறவினர்கள் சொன்ன வழி சட்டத்தில் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யானை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அதை வேட்டையாடினால் 51-ஆம் பிரிவின்படி குறைந்தது 3 ஆண்டுகளும் அதிகபட்சம் 7 ஆண்டுகளும் சிறைத் தண்டனை உண்டு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை வகுக்கப்பட்ட குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாக முடிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்கிறது. யாராவது "பேசி முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்டால், நீங்கள் இன்னொரு குற்றத்துக்குள் இழுக்கப்படுகிறீர்கள் என்று பொருள்.

துப்பாக்கி தூக்கியவன்தான் வேட்டைக்காரன் என்று எண்ணிவிட வேண்டாம். கொல்வது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, அவற்றுக்கான முயற்சி எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் 11-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு மனித உயிருக்கு மட்டுமே உரியது, பயிருக்கு இல்லை. ஒரே இரவில் மொத்த ராகியும் போய்விட்ட வயல்களைப் பார்த்தவன் என்ற முறையில் விவசாயியின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆயினும் நீதிமன்றத்தில் அது தண்டனையின் அளவைப் பற்றிய வாதமாக மட்டுமே நிற்கும்; அங்கும் மூன்றாண்டு என்ற கீழ்வரம்பு குறுக்கே வரும். பன்றிக்கு வைத்த கம்பி என்ற விளக்கமும் பெரிதாகக் கைகொடுக்காது. காட்டுப்பன்றியும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் விலங்குதான் என்பதோடு, யானை நடமாடும் காட்டோரத்தில் மோட்டார் இணைப்பின் மின்சாரத்தை அப்படியே கம்பியில் விட்டால் எது வந்து மாட்டும் என்பது கட்டியவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே அரசுத் தரப்பு வாதிடும்.

இனி உங்கள் நிலை. நிலம் உங்களுடையது என்பதனால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரையும் குற்றம் செய்தவராகவே கருத வேண்டும் என்று 52-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு தொலைபேசி உரையாடலைச் சுற்றியே நகரும். உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும், சேர்ந்து திட்டமிட்டிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். வெறும் மௌனம் இவற்றில் எதுவும் ஆகாது என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் கம்பி வாங்கப் பணம் அனுப்பியிருந்தாலோ, "பார்த்துச் செய்" என்ற அளவில் ஒரு குரல் பதிவு இருந்தாலோ நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே அந்த உரையாடலில் நடந்ததைச் சொல் பிசகாமல் இன்றே எழுதி உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள்; அழைப்பு விவரங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் எப்படியும் இருக்கும், அழித்தது மட்டும் தனிக் குற்றமாக நிற்கும்.

மின் இணைப்பு வேறு கதை. இத்தகைய வழக்குகளின் மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் கண்டதையும் கைப்பற்றியதையும் அலுவலர்கள் எழுதும் பதிவில், திரும்பத் திரும்ப வருபவை ஒரே பொருள்கள்தாம்: முழங்கால் உயர மரக்குச்சிகள், அவற்றில் சுற்றிய கட்டுக்கம்பி, மோட்டார் கொட்டகையின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒற்றை வயர். அந்த வயர் தொடங்கும் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. பாசனத்துக்கு அனுமதித்த மின்சாரத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் கீழ் வரக்கூடியது. மின்வாரியம் இணைப்பைத் துண்டித்து இழப்பைக் கணக்கிட்டு நோட்டீஸ் அனுப்பினால், நிலம் குத்தகைதாரரின் அனுபவத்தில் இருந்ததைக் காட்டி உரிய காலத்துக்குள் எழுத்து மூலம் மறுப்பு கொடுங்கள். குத்தகைப் பணம் வங்கி வழியாக வந்திருந்தால் அந்தக் கணக்குத் தாள் உங்களுக்குப் பெரிய துணை.

அழைப்பாணையைத் தவிர்க்காதீர்கள், தவிர்த்தால் தலைமறைவு என்று பதிவாகும். அதே சமயம், வன அலுவலர் காவல்துறை அலுவலர் அல்லர் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றிருக்கும் நிலை. ஆகையால் அவரிடம் தரும் வாக்குமூலம், காவல் நிலையத்தில் தரும் ஒப்புதலைப் போல எளிதில் தள்ளுபடியாகாது. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். கைது செய்யப்படுவீர்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், ஆஜராகும் நாளுக்கு முன்பே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவின்படி முன்ஜாமீன் கோரலாம்.

வேலியே போடக் கூடாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். போடலாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் இறந்து, உடனிருந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு மின்வேலிகள் விதிகள் வந்தன. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள விவசாய நிலத்தில் புதிய மின்வேலிக்கு முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே உள்ளதைப் பதிவு செய்ய வேண்டும். முறையான சோலார் வேலியில் மின்சாரம் நொடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் துடித்து விலகும். விலங்கு அதிர்ந்து பின்வாங்கும். நேரடி மின்கம்பியிலோ மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும், ஈர மண்ணில் நிற்கும் யானை விடுபட வழியில்லை. பயிர்ச் சேதத்துக்கு அரசு இழப்பீடும் உண்டு. அடுத்த போகத்துக்கு எழுத்து மூலமான குத்தகை ஒப்பந்தம் போட்டு, வேலி பற்றிய நிபந்தனையை அதில் சேருங்கள்.

கடைசியாக, நீங்களும் குத்தகைதாரரும் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் "உரிமையாளர் சொல்லித்தான் கட்டினேன்" என்று சொன்னால் அந்த வழக்கறிஞரால் இருவரில் ஒருவருக்காகத்தான் பேச முடியும். குத்தகைதாரரிடம் வசதி இல்லையென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞருக்கு விண்ணப்பிக்கும்படி அவர் வீட்டாரிடம் வேறொருவர் மூலம் சொல்லியனுப்புங்கள். நீங்கள் நேரில் போனால் சாட்சியைக் கலைக்கப் போனதாகக் கதை கட்டப்படும்.