இலக்கண மேசை: சுவற்றிலா, சுவரிலா?

குரூப் 4 தமிழ்த் தாளில் பிழை திருத்தும் வினாக்கள்தான் காலை வாருகின்றன. ‘சுவற்றில் எழுதாதே’ என்பதில் என்ன பிழை? ஒரு, ஓர் குழப்பமும் தீரவில்லை.
– வாசகி, விழுப்புரம்

பேசிப் பழகிய வடிவம் காதுக்குச் சரியாகத்தான் படும். காதை நம்பாமல் சொல்லின் ஈற்றைப் பாருங்கள். வயிறு, கயிறு, கிணறு மூன்றும் ‘று’ என முடிபவை. உருபு சேரும்போது றகரம் இரட்டித்து வயிற்றில், கயிற்றில், கிணற்றில் என்றாகும். சுவர் ‘ர்’ என முடிகிறது. இரட்டிக்க அங்கே றகரமே இல்லை. ஆகவே சுவரில், சுவருக்கு.

ஒரு, ஓர் இரண்டுக்கும் அடுத்த சொல்லின் முதலெழுத்துதான் கணக்கு. உயிரெழுத்து வந்தால் ஓர். உயிர்மெய் வந்தால் ஒரு. பலர் பெயர்ச்சொல்லைத் தேடிப்போய்ச் சறுக்குவார்கள். ‘ஓர் ஊர்’ சரி, இடையில் அடை புகுந்தால் ‘ஒரு பெரிய ஊர்’. அதேபோல் ‘ஒரு வீடு’, ‘ஓர் அழகிய வீடு’. ‘ஓர் யானை’ பிழை, ‘யா’ உயிர்மெய். அது, அஃது இரண்டுக்கும் இதே விதி.

‘அது என் புத்தகம் அல்ல’ என்பதைப் பிழை என்கிறார்களே? எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறோம்?
– வாசகர், தென்காசி

எழுதுகிறோம், இந்த இதழிலும்கூட! தேர்வில் மட்டும் எழுவாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. ‘அல்ல’ பலவின்பாலுக்கு உரியது. ‘மாணவர்கள் தன் கடமையை’ என்பதும் இவ்வகைதான். பன்மைக்குத் ‘தம்’ வேண்டும்.

ஒரே தொடரில் பல பிழைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ‘ஒவ்வொரு ஊர்களிலும் ஒரு ஏரி இருந்தன’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘ஒவ்வொரு’ வந்தாலே அடுத்தது ஒருமை. ஊர், ஏரி இரண்டும் உயிரில் தொடங்குகின்றன. ஏரி ஒன்று என்பதால் வினைமுற்றும் ஒருமை. ‘ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஏரி இருந்தது’ என்பதே விடை. முதல் பிழையைத் திருத்திய விடைத்தெரிவைக் கண்டதும் வட்டத்தைக் கருப்பாக்கிவிடாமல் வினைமுற்றுவரை படியுங்கள்.

‘கூடை பின்னினார்’ தவறா?
– வாசகி, தேனி

பேச்சில் தவறில்லை. மரபுப்படி கூடை முடைந்தார், சுவர் எழுப்பினார், பால் பருகினார். இதற்குச் சூத்திரம் கிடையாது. பள்ளிப் பாடநூல் பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் வழி. ஆந்தை அலறும், கூகை குழறும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.