மழைக்கு மிஸ் அடிக்கும் அம்பாசடர்: கேப், ரோட்டர் கேள்வி பதில்

காரைக்குடியில் பழைய பெட்ரோல் வண்டிகளோடே காலம் தள்ளுகிறவன் நான். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர்; அதன் மூடிதான் கேப், உள்ளே சுற்றுவது ரோட்டர். இதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து: ஐப்பசி மழை தொடங்கியதும் காலையில் அம்பாசடர் விட்டுவிட்டு ஓடி மிஸ் அடிக்கிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை சுத்தம் செய்தாயிற்று.

கார்புரேட்டரை விடுங்கள் அண்ணே. வெயில் ஏறினால் சரியாகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. பேட்டரி வோல்ட்டைக் கூட்டித் தரும் காயிலிலிருந்து கேப்புக்கு வரும் கரண்ட் 15,000 வோல்ட்டுக்கு மேல். கேப்பில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போதும், பிளக்குக்குப் போக வேண்டியது பக்கத்து முனைக்கோ பாடிக்கோ தாவிவிடும். தாவிய தடத்தில் கரி படியும். கரியும் கரண்டைக் கடத்தும் என்பதால், நாள்பட நல்ல வெயிலிலும் மிஸ் அடிக்க ஆரம்பிக்கும்.

இன்று இரவு விளக்கை அணைத்து, பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கேப்பின் மேல் நீலமாகப் பொறி ஓடினால் சந்தேகமே வேண்டாம். காலையில் இரண்டு கிளிப்பையும் தள்ளிக் கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல் கறுப்புத் தடமோ மயிரிழை விரிசலோ இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் துண்டை விரலால் அழுத்தினால் ஸ்பிரிங்கில் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அது தேய்ந்தோ உடைந்தோ போயிருப்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

கானாடுகாத்தானிலிருந்து: நானே மாற்றலாமா? வயர் மாறிவிடுமோ என்று பயம்.

தாராளமாக மாற்றலாம். எல்லா வயரையும் ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள், அவ்வளவுதான். முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பழைய கேப்புக்குப் பக்கத்திலேயே புதுக் கேப்பை அதே திசையில் பிடித்துக்கொண்டு, ஒரு வயரை எடுத்து அதே இடத்தில் செருகி, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். வயரை இழுக்காமல் நுனி ரப்பரைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். ரோட்டர் மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். அதன் அடியில் ஒரு காடி உண்டு, ஒரே நிலையில்தான் உட்காரும். கேப்பிலும் அப்படித்தான். உட்காராவிட்டால் திருப்பிப் பாருங்கள், தட்டி இறக்காதீர்கள்.

அப்படியும் வயர் மாறிப்போனால்: 1489 சிசி அம்பாசடரில் சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். கேப் திறந்திருக்கும்போதே பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் முனைகள்) இடைவெளியையும் பார்த்துவிடுங்கள், 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு.

புதுவயலிலிருந்து: ரோட்டர் முனையை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் ஆகாதா?

ஆகாது. ரோட்டர் கேப்பின் முனைகளைத் தொடுவதில்லை, மெல்லிய இடைவெளியைத் தாண்டித்தான் கரண்ட் போகிறது. தேய்க்கத் தேய்க்க அந்த இடைவெளி கூடும். கேப்பும் ரோட்டரும் பொறி பட்டுச் சேர்ந்தே தேய்வதால் சேர்த்தே மாற்றுங்கள்.

கோட்டையூரிலிருந்து: டீசல் அம்பாசடருக்கு இது பொருந்துமா?

டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை.

அரியக்குடியிலிருந்து: கேப், பிளக், வயர் எல்லாம் புதுசு. ரோட்டர் மட்டும் பழசு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பார்க்க நன்றாக இருக்கும் ரோட்டர்தான் ஆளை ஏமாற்றும். உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போனால் கரண்ட் ஷாஃப்ட் வழியாக பாடிக்கு இறங்கிவிடும். கேப்பைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் நடு வயரை ஒரு காய்ந்த மரக் கிளிப்பில் பிடித்து, ரோட்டரின் பித்தளைக்கு 3 மில்லிமீட்டர் மேலே நிறுத்துங்கள். கையால் பிடிக்கவே கூடாது. பெட்ரோல் வாசம் அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பித்தளைக்குப் பொறி தாவினால் ரோட்டர் போய்விட்டது, மாற்றுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: அப்பச்சி ஊருக்குக் கிளம்பும்போது ரோட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இப்போது கல்யாணத்துக்காக வண்டியை எடுக்கப் போகிறோம். அதையே போடலாமா?

ரோட்டர் இல்லாமல் யாராலும் வண்டியைக் கிளப்ப முடியாது என்பதால் அப்படிச் செய்தார்கள் ஆச்சி. நல்ல பழக்கம். பெட்டியில் இருந்த ரோட்டர் பெரும்பாலும் கெட்டிருக்காது, உலர்ந்த துணியால் துடைத்து மேலே சொன்ன சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வண்டியிலேயே கிடந்த கேப்பை மட்டும் நம்ப வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள். ரோட்டரை மாட்டும் முன் அதன் அடியில் தெரியும் ஷாஃப்ட் ஸ்குரூவில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடச் சொல்லுங்கள். பாயிண்ட்டில் மட்டும் ஆயில் படவே கூடாது.